அறிகுறி இல்லாதபோது புற்றுநோய்ப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு அறுபது நிறைந்தால் முன்பு பட்டு வேட்டி எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது வேட்டியோடு ஒரு மாஸ்டர் செக்கப்பும் சேர்ந்துகொண்டது. லேப் கொடுக்கும் தாளில் சுகர், கொழுப்பு, கிட்னி, லிவர் என்று வரிசையாகப் போய், கடைசியில் ‘கேன்சர் மார்க்கர்’ என்று ஒரு வரி இருக்கும். எனக்கு வரும் போன்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளைப் படித்துத் தமிழில் எழுதுவது என் வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், ஆய்வுகள் அவற்றுக்குச் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஸ்கிரீனிங் என்பதும் டெஸ்ட் என்பதும் ஒன்றுதானே?

இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குச் செய்வது ஸ்கிரீனிங். தொந்தரவு இருப்பவருக்குச் செய்வது நோயறிதல். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறது, மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை, காரணமில்லாமல் எடை இறங்குகிறது என்றால் நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டாம், நாளைக் காலை டாக்டரிடம் போங்கள். கீழே சொல்வதெல்லாம் நன்றாக இருப்பவர்களுக்கு.

சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே? இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்வாளர்களையே பல வருடம் ஏமாற்றிய இடம் இது.

மதுரையிலிருந்து எழும்பூர் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திண்டுக்கல்லில் ஏறுகிறார், இன்னொருவர் விழுப்புரத்தில் ஏறுகிறார். திண்டுக்கல்காரர் ரயிலில் இருந்த நேரம் பல மணி அதிகம். அதனால் ரயில் எழும்பூருக்குத் தாமதமாகப் போய்ச் சேருமா? புற்றுநோய்க்குச் சொல்லப்படும் ‘ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு’ கணக்கில் இந்தச் சிக்கல் இருக்கிறது. நோயை இரண்டு வருடம் முன்னால் கண்டுபிடித்தால், சிகிச்சை ஒரு பயனும் தராவிட்டாலும், ‘கண்டுபிடித்த பிறகு வாழ்ந்த காலம்’ இரண்டு வருடம் கூடித்தான் தெரியும். இறக்கும் தேதி மாறியிருக்காது. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் நீண்டிருக்கும்.

இன்னொரு கண்கட்டும் உண்டு. மணிக்கு ஒரு தடவை வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்க்கிறீர்கள். மாட்டுவண்டி கண்ணில் படும், சீறிப் போன பைக் படாது. வருடத்துக்கு ஒரு முறை செய்யும் ஸ்கிரீனிங்கிலும் மெதுவாக வளரும், ஒருவேளை எந்தத் தீங்கும் செய்யாமலேயே போயிருக்கக்கூடிய கட்டிகள்தான் அதிகம் சிக்கும். வேகமாகப் பரவுபவை இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே வந்துவிடும். பிறகு சிக்கியவர்களை எண்ணி, ‘பார்த்தீர்களா, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதனால் ஒரு ஸ்கிரீனிங் பயன் தருகிறதா என்று கேட்டால், எத்தனை கட்டியைக் கண்டுபிடித்தது என்று பார்க்கக் கூடாது. ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பரிசோதனை செய்து, பல வருடம் காத்திருந்து, இரு பக்கமும் அந்த நோயால் இறந்தவர்களை எண்ண வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

அப்படி எண்ணிப் பார்த்த ஆய்வு நம் ஊரில் உண்டா?

உண்டு, அதுவும் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உள்ள அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை சேர்ந்து நடத்தியது. சங்கரநாராயணன், ராஜ்குமார் முதலான மருத்துவர்களின் உழைப்பு. நோய்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

114 ஊர்த்தொகுதிகளைக் குலுக்கிப் போட்டு 57க்குப் பரிசோதனை, 57க்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும் என்று பிரித்தார்கள். 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்கள். பரிசோதனைப் பக்கத்தில் 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற நர்ஸுகள். கருவி என்று பார்த்தால் டார்ச், பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அன்றே, மாறிய செல்களை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2006 வரை தொடர்ந்து கணக்கெடுத்ததில், அந்தப் பக்கத்தில் புது நோயாளிகள் 25 சதவீதம் குறைவு, இறப்பு 35 சதவீதம் குறைவு. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

வினிகரும் பஞ்சும்! வாசனைத் திரவியக் கடை மாதிரி மின்னும் ஸ்கேன் சென்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

மற்ற 57 தொகுதிப் பெண்களுக்கு வேண்டுமென்றே பரிசோதனை செய்யவில்லையா? இது அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்வியை உலக அளவில் பலர் கேட்டார்கள். திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் என்று இந்தியாவில் நடந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்து விமர்சித்தார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியர் என்ற பரிசோதனை 1940களிலிருந்தே இருக்கிறது, அது வந்த நாடுகளில் இறப்பு குறைந்திருக்கிறது, அப்புறம் ஏன் ஒரு பாதியைப் பரிசோதிக்காமல் விட வேண்டும் என்பது வாதம். அந்தக் கிராமங்களில் பாப் ஸ்மியர் என்பது ஏட்டுச் சுரைக்காய், ஸ்லைடைப் படிக்க ஆளே கிடையாது, ஏற்கெனவே கிடைத்த எதையும் நாங்கள் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில்.

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. பரிசோதனை கிடைக்காத பக்கத்தில் 92 பெண்கள் அந்த நோயால் இறந்தார்கள் என்று கட்டுரையிலேயே இருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. அதே சமயம், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று அந்தப் பரிசோதனை இருப்பதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம்.

அந்தப் பரிசோதனையை எப்படிச் செய்வார்கள்? வலிக்குமா?

பிரசவ வார்டில் இருப்பது போன்ற மேஜையில் கால் மடக்கிப் படுக்க வேண்டும். திரை இருக்கும், இருக்க வேண்டும். ஸ்பெகுலம் என்ற கருவியைப் பிறப்புறுப்பில் செருகி மெதுவாக விரிப்பார்கள். அந்த நிமிடம் சில்லென்றும் இறுக்கமாகவும் இருக்கும். மூச்சை இழுத்துப் பிடித்தால் வலிக்கும், விட்டால் வலி குறையும். வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாய் தெரியும்: இளஞ்சிவப்பாக, வழவழவென்று, நடுவில் சிறு துளையோடு. வினிகரில் நனைத்த பஞ்சை அதன்மேல் ஒற்றி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். லேசான எரிச்சல் இருக்கலாம். மாறத் தொடங்கிய செல்களில் புரதமும் உட்கருவும் அதிகம், அமிலம் பட்டதும் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் திட்டுப் போடும். வெள்ளை வந்தால் அடுத்த கட்டம், வராவிட்டால் வீட்டுக்கு. மொத்தம் ஐந்து நிமிடம் போலத்தான் ஆகும்.

மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது அவ்வளவு சரிப்படாது. நோய் தொடங்கும் விளிம்பு வயதாக ஆக உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது.

‘பாசிட்டிவ்’ என்று சொல்லிவிட்டார்கள். புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. திண்டுக்கல்லில் பார்த்த 31,343 பேரில் 3,088 பேருக்குப் பாசிட்டிவ். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது அவர்களில் கணிசமானவர்களுக்கு ஒன்றும் இல்லை. இருந்தவர்களிலும் மிகப் பலருக்கு இருந்தது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம். அந்தக் கட்டத்திலேயே நிறுத்துவதுதான் இந்தப் பரிசோதனையின் நோக்கமே. பாசிட்டிவ் என்றால் ‘இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும்’ என்று பொருள். பயந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் விடுவதுதான் தவறு.

எச்பிவி டெஸ்ட் இதைவிட நல்லதா?

நல்லது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி என்ற வைரஸ் காரணம் என்று காட்டியதற்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி, எச்பிவி, பாப் ஸ்மியர், வினிகர், எதுவும் இல்லை என்று ஒப்பிட்டார்கள். 2009இல் வந்த முடிவு: ஒரே ஒரு எச்பிவி பரிசோதனை இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அந்த ஆய்வில் வினிகர் முறையால் இறப்பு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. திண்டுக்கல்லில் வென்றது அங்கே ஏன் தோற்றது என்று இன்னும் பேசுகிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் எதுவும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது, பயிற்சி தளர்ந்தால் முடிவும் தளரும் என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனம் இப்போது எச்பிவியைத்தான் முன்வைக்கிறது. பெண்களே தனியாக மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. மேஜையும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம்.

வாய்ப் புற்றுநோய்?

டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்ப்பதுதான் பரிசோதனை. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில் 13 பஞ்சாயத்துகள். மொத்தமாகப் பார்த்தால் பயன் உறுதியாகத் தெரியவில்லை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களை மட்டும் பார்த்தால் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. ஆக, வெற்றிலையோடு புகையிலை போடும் தாத்தாவுக்கும், பான் மசாலாவோ ஹான்ஸோ போடும் அண்ணனுக்கும் இது அவசியம். அந்தப் பழக்கமே இல்லாதவர் அலட்டிக்கொள்ள வேண்டாம். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடியில் என்று மூன்று இடம். வெள்ளையோ சிவப்போ தேய்த்தாலும் போகாத திட்டு இருக்கிறதா, வாய் முன்பு போலத் திறக்கிறதா என்று பாருங்கள். பல் டாக்டரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

மார்பகத்துக்கு மேமோகிராம் எடுத்தே ஆக வேண்டுமா?

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. மேற்கு நாட்டு ஆய்வுகள் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதனால் பயன் உண்டு என்கின்றன. நம் நாட்டில் ஊர் ஊராக அந்த மிஷினையும், படத்தைப் படிப்பவரையும் வைப்பது நடக்கிற காரியமில்லை. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை வேறு வழியில் போனது. சேரிப்பகுதிகளில் 1,51,538 பெண்கள், பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் தடவிப் பார்த்தல். இருபது வருடக் கணக்கு 2021இல் வந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே குறையவில்லை. எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதம், ஆனால் அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்கிற அளவுதான்.

குடும்பத்தில் அம்மா, அக்கா, சித்தி என்று இளவயதில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் உங்கள் கணக்கே வேறு. டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

பேக்கேஜில் ‘கேன்சர் மார்க்கர்’ இருக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். மார்க்கர் என்பது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் சித்திக்கு 62 வயது. மகன் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் ஒரு பேக்கேஜ் புக் செய்தான். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்தார். மாலையில் போனில் ரிப்போர்ட். சிஏ-125 என்ற வரியில் 48, பக்கத்தில் ‘35க்குள் இருக்க வேண்டும்’ என்று போட்டு சிவப்பு அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்கு அர்த்தம் சொல்ல லேபில் ஒருவரும் இல்லை. சித்தி கூகுளில் தேடினாள், சினைப்பைப் புற்றுநோய் என்று வந்தது. அன்றிரவே நகையை யார் யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டாள். அப்புறம் ஸ்கேன், அது போதாதென்று சி.டி., மறுபடி ரத்தம். மூன்று வாரம் கழித்து ஒன்றுமில்லை என்றார்கள். நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

சிஏ-125 புற்றுநோய் இல்லாமலும் ஏறும். மாதவிலக்கு, எண்டோமெட்ரியோசிஸ், லிவர் கோளாறு, வயிற்றில் காசநோய் என்று பல காரணம். சிஇஏ என்ற மார்க்கர் புகைபிடிப்பவர்களுக்கே கூடுதலாக இருக்கும். புற்றுநோய் இருப்பது உறுதியானவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க இவை உதவும். நன்றாக இருப்பவரிடம் நோயைத் தேட அல்ல.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 2001இல் தொடங்கி, மாதவிலக்கு நின்ற இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து ஒரு ஆய்வு. ஒரு பிரிவுக்கு வருடாவருடம் சிஏ-125. ஒரு தடவை வரும் எண்ணை மட்டும் நம்பாமல், அது வருடத்துக்கு வருடம் எப்படி ஏறுகிறது என்றும் கவனித்தார்கள். முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் கூடினார்கள், நான்காம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் குறைந்தார்கள். எல்லாரும் கைதட்டத் தயாரானபோது, 2021இல் இறப்புக் கணக்கு வந்தது. வித்தியாசமே இல்லை. திண்டுக்கல்லில் ஏறியவரும் விழுப்புரத்தில் ஏறியவரும் ஒரே நேரத்தில்தான் எழும்பூரில் இறங்கினார்கள்.

அப்பாவுக்கு பிஎஸ்ஏ?

புராஸ்டேட்டுக்கான இந்த ரத்தப் பரிசோதனையில் ஓரளவு பயன் உண்டு, ஐரோப்பிய ஆய்வு காட்டியிருக்கிறது. விலையும் உண்டு: தீங்கு செய்யாத கட்டிக்கு ஆபரேஷன், அதன் பின் சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு. அமெரிக்க நிபுணர் குழு 2012இல் ‘வேண்டாம்’ என்றது, 2018இல் ‘55 முதல் 69 வயதுவரை டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்’ என்று இறங்கி வந்தது. 70க்கு மேல் வேண்டாம் என்பதில் மாறவில்லை. அப்பாவிடம் கேட்காமல் பேக்கேஜில் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் பங்குக்கு.

தைராய்டு ஸ்கேன்?

தென் கொரியாவில் 1999இல் அரசு புற்றுநோய் ஸ்கிரீனிங்கைத் தொடங்கியது. அதில் தைராய்டு இல்லை. ஆனால் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தால் கழுத்து ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளினிக்குகள் சேர்த்துவிட்டன. 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு? அப்படியே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டி சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சுரப்பியை எடுத்து, ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல்நாண் பாதிப்பு. 2014இல் கொரிய மருத்துவர்களே வெளிப்படையாக எதிர்த்த பிறகுதான் தணிந்தது. ‘சும்மா பார்த்து வைப்போம், என்ன ஆகிவிடப்போகிறது’ என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஒரு சொட்டு ரத்தத்தில் ஐம்பது வகைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

ஒரு சொட்டு இல்லை, இரண்டு டியூப். மற்றபடி அடிப்படை உண்மைதான். சாகும் செல்கள் தங்கள் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. 1948இலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். 1997இல் டென்னிஸ் லோ என்ற ஆய்வாளர், கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏ மிதப்பதைக் காட்டினார். புற்றுநோய்க் கட்டியும் அப்படி விடுகிறது. அந்தத் துணுக்கில் உள்ள ரசாயன முத்திரைகளை வைத்து எந்த உறுப்பிலிருந்து வந்தது என்றும் ஊகிக்கலாம்.

சிக்கல், கட்டி சின்னதாக இருக்கும்போது விடும் துணுக்கும் கொஞ்சம்தான். இந்த வகையில் பிரபலமான கேலரி என்ற பரிசோதனையின் 2021ஆம் ஆண்டு ஆய்வில், முதல் நிலைப் புற்றுநோய்களில் 17 சதவீதத்தைத்தான் பிடித்தது. எந்த நிலையில் பிடிக்க வேண்டுமோ அந்த நிலையில்தான் அதிகம் நழுவ விடுகிறது. தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது மட்டும் 200 பேருக்கு ஒருவர் என்கிற அளவில் மிகக் குறைவு.

முதுமை இன்னொரு குழப்பத்தையும் சேர்க்கிறது. எழுபதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், எலும்பு மஜ்ஜையில் மரபணு மாறிய ஒரு செல் தன் வாரிசுகளைப் பெருக்கி வைத்திருக்கும். அது ரத்தப் புற்றுநோய் அல்ல, பெரும்பாலோருக்கு ஆகவும் ஆகாது. ஆனால் மரபணு மாற்றத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனைக்கு அது கட்டியிலிருந்து வந்ததா, வயதான ரத்தத்திலிருந்து வந்ததா என்று பிரிப்பது பெரும்பாடு.

பிரிட்டனில் 2021இல் 50 முதல் 77 வயதுவரை உள்ள 1.4 லட்சம் பேரைச் சேர்த்து இதற்கு ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அதன் முதன்மை அளவுகோல், முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுபவை குறைகின்றனவா என்பது. இறப்பு அல்ல. சிஏ-125 கதையைப் படித்தவர்களுக்கு இங்கே என் புருவம் ஏன் உயர்கிறது என்று தெரியும்.

வயதானால் ஏன் புற்றுநோய் கூடுகிறது?

ஒரு செல் கெட்டுப்போக ஒரு தவறு போதாது, பல தவறுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர வேண்டும். 1954இல் ஆர்மிட்டேஜ், டால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இறப்புப் பதிவுகளை வைத்து, ஆறு ஏழு படிகள் தேவைப்படும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குப்படி வயது இருமடங்கானால் ஆபத்து ஏறக்குறைய 64 மடங்கு. கூடவே, பிரியாமல் நின்றுபோன முதிய செல்கள் சுற்றுப்புறத்தில் அழற்சியைக் கிளப்புகின்றன, காவலுக்கு இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களும் தளர்கின்றன.

அப்படியென்றால் உடம்பில் செல் அதிகமுள்ள யானைக்கு எல்லாரையும்விட அதிகமாக வர வேண்டுமே? வருவதில்லை. கெட்ட செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும் பி53 என்ற மரபணு நமக்கு ஒரு ஜோடி, யானைக்கு இருபது ஜோடி அளவுக்கு. கோயில் யானையைப் பார்க்கும்போது சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் ரசிப்பார்கள்.

அம்மாவுக்கு 78. எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடலாமா?

மார்பகம், பெருங்குடல் ஸ்கிரீனிங்கில் ஆயிரம் பேரில் ஒரு இறப்பைத் தடுக்கவே பத்து வருடம் போல ஆகிறது. தொந்தரவும் பயமும் இன்றே வரும், பயன் 88 வயதில். இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டியும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் 30 முதல் 65 வரை என்றுதான் சொல்கிறது. அந்தப் பணத்தில் கண்புரை பார்த்து, காது பார்த்து, குளியலறையில் பிடிமானக் கம்பி போட்டுக் கொடுங்கள்.

சுகர் இருந்தால் புற்றுநோய் வருமா? மெட்ஃபார்மின் தடுக்குமாமே?

நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2023இல் சொன்னது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கல்லீரல், கணையம், கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் சற்றுக் கூடுதலாக வருகின்றன. இதற்காகத் தனி ஸ்கிரீனிங் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஐம்பதைத் தாண்டி, குடும்பத்தில் யாருக்கும் சுகர் இல்லாத ஒருவருக்குத் திடீரென்று சுகர் வந்து, எடையும் இறங்கினால் கணையத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகச் சுகர் வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர் போலத்தான் அப்படி இருக்கும், ஆனால் எடை இறங்குவது உரக்கக் கேட்கும் மணி.

மெட்ஃபார்மின் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 3,649 பெண்களிடம் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. சுகருக்கு நல்ல மாத்திரை, அதற்காகச் சாப்பிடுங்கள்.

பெண்ணுக்கு எச்பிவி தடுப்பூசி எத்தனை டோஸ்?

இதில் ஒரு விபத்தின் கதை இருக்கிறது. 2009இல் இந்தியாவில் ஒன்பது இடங்களில், அம்பிளிக்கை உட்பட, இரண்டு டோஸா மூன்று டோஸா என்று ஒப்பிடும் ஆய்வு தொடங்கியது. 2010 ஏப்ரலில், வேறொரு திட்டத்தில் நேர்ந்த மரணங்களையொட்டி எழுந்த சர்ச்சையில், எச்பிவி தடுப்பூசி ஆய்வுகளையெல்லாம் அரசு நிறுத்தச் சொன்னது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் கிட்டத்தட்ட 5,000 சிறுமிகள் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வு கெட்டுவிட்டது என்று மூட்டை கட்டாமல், அவர்களையும் பத்து வருடம் தொடர்ந்தார்கள். புற்றுநோயோடு அதிகம் தொடர்புள்ள எச்பிவி 16, 18 வகைகள் உடம்பில் நிலைத்துத் தங்குவதை ஒரு டோஸே 95 சதவீதம் தடுத்திருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் அட்டவணையை ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சிறுமிகளும் ஒரு காரணம்.

9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் 2023இல் சந்தைக்கு வந்தது. போட்டவர்களும் முப்பதுக்கு மேல் ஸ்கிரீனிங் செய்துகொள்ள வேண்டும், எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை.

சரி, எங்கே போவது? எவ்வளவு ஆகும்?

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை, இலவசம். தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007இல் முன்னோட்டமாகத் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க வந்த திட்டம் இது. இருந்தும், 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் ஒருவர்தான் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்திருந்தார். நாடு முழுக்க எடுத்தால் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

போனதும் ‘தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ்’ யார் என்று கேளுங்கள். பி.பி., சுகர் மாத்திரை வாங்கும் அதே அறையில்தான் பெரும்பாலும் இருப்பார். காலை பத்து மணிக்குள் போனால் கூட்டம் குறைவு. புடவையோ, எளிதில் தளர்த்தக்கூடிய பாவாடையோ கட்டிக்கொண்டு போங்கள், சுடிதார் அந்த மேஜையில் தொல்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாத்தனாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிக்கொண்டு போய் இருவருமே பார்த்துக்கொண்டு வரலாம்.